கப்பல் நின்றால் பணம்! பெட்டி நின்றால் பணம்! டிரைவர் நின்றால் மட்டும் நாமம்!

எண்ணூர் ரோட்டில் கணக்கில் வராத ஓர் உழைப்பு

சென்னைத் துறைமுகத்தில் நெரிசல் கூடுகிற நாள்களில் எண்ணூர் விரைவுச் சாலை பக்கம் போயிருக்கிறீர்களா? பெயர்தான் விரைவுச் சாலை. கூட்ஸ் ரயிலை ரோட்டில் கொண்டுவந்து நிறுத்தியது போலப் பெட்டி லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். காசிமேட்டில் தொடங்கும் வரிசை திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூர் பக்கம் வரைக்கும் நீளும். சில நாள் குறையும். சில நாள் வளரும். அடியோடு ஒழிந்தது என்று சொல்ல முடியாது.

பஸ்சில் போகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சே! இந்த லாரிக்காரனுங்களால தினம் ரோதனை” என்பார். கடைக்காரர், “கடை வாசலையே மறைச்சிட்டான். வியாபாரம் எப்படிய்யா நடக்கும்?” என்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

ஆனால் அந்த லாரிக்குள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் நாமக்கல்லிலிருந்து வந்திருக்கலாம். சங்ககிரியிலிருந்து வந்திருக்கலாம். ஆந்திராவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்திருக்கலாம். நமக்கு அரை மணி நேரம் போகிறது. அவருக்கு அரை நாள் போகிறது. மோசமான காலங்களில் ஒரு நாளே போகும், இரண்டு நாளும் போகும்.

அந்த நேரத்துக்கு அவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டால் துறைமுக வட்டாரத்தில் பலரும் சிரிக்கிறார்கள்!

எல்லாவற்றுக்கும் விலை உண்டு!

கப்பல் தொழிலில் ஒரு வேடிக்கை. அங்கே காத்திருப்பது எதுவும் இலவசம் கிடையாது.

வாடகைக்குப் பிடித்த கப்பல், பேசிய நேரத்துக்கு மேல் சரக்கு இறக்கக் காத்து நின்றால் அதற்கு ‘டெமரேஜ்’. கன்டெய்னர் பெட்டியை எடுத்துப் போனவர் குறித்த நாளுக்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால் அதற்கு ‘டிடென்ஷன்’. அதையும் டாலரில் எண்ணுகிற கம்பெனிகள் உண்டு. பெட்டி யார்டில் நாள் கடந்து கிடந்தால் தரை வாடகை. லாரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வங்கித் தவணை, இன்சூரன்ஸ், வரி எல்லாம் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

இரும்புப் பெட்டி சும்மா கிடந்தால்கூட அதற்கு ஒரு மணி அடிக்கிறது, மீட்டர் ஓடுகிறது. உயிருள்ள மனுஷன் சும்மா உட்கார்ந்திருந்தால் மட்டும் மீட்டர் ஓடுவதில்லை!

காரணம் என்ன? லாரி டிரைவரின் வருமானத்தில் பெரும்பகுதி ‘டிரிப்’ கணக்கு. ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேட்டா. சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கு. சில இடங்களில் வாடகையில் ஒரு பங்கு. மாதச் சம்பளம் என்று ஒன்று இருந்தாலும் அது பெயரளவுக்குத்தான். குடும்பத்தை ஓட்டுவது பேட்டா. ‘ஓடினாத்தான் காசு’ என்பது லாரித் தொழிலின் முதல் பாடம். கிளீனராக ஏறுகிற பையன் ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்பே இந்தப் பாடத்தைப் படித்துவிடுகிறான்.

மாதத்துக்குப் பத்து நடை அடித்தவர் வரிசையில் மாட்டிக்கொண்டால் ஆறு நடைதான் அடிக்க முடியும். உழைத்த நேரம் அதேதான். கண் விழித்த ராத்திரியும் அதேதான். வீட்டுக்குப் போகும் பணம் மட்டும் பாதியை ஒட்டி வந்துவிடும்.

அதோடு விட்டதா? நிற்கிற நாளுக்குச் செலவு வேறு! மூன்று வேளைச் சாப்பாடு, டீ, குளிக்கக் காசு, கழிப்பிடத்துக்குக் காசு, செல்போனுக்குக் காசு. ஓடுகிற நாளைவிட நிற்கிற நாளுக்குத்தான் கையிலிருந்து அதிகம் கரைகிறது. சரக்குக்காரரிடம் ‘ஹால்டிங் சார்ஜ்’ பேசி வாங்குகிற முதலாளிகளும் உண்டு. அது லாரி நின்றதற்குத்தான். அதில் டிரைவருக்குப் பங்கு உண்டா, இல்லையா என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது.

ஒரே நடையில் எத்தனை வாசல்!

பெட்டி லாரி டிரைவரின் வேலை வண்டி ஓட்டுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒரு நடையைப் பின்தொடர்ந்து பார்த்தால் விஷயம் புரியும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை. அங்கிருந்து சரக்கு வெளிநாடு போக வேண்டும். துறைமுகத்துக்கு ரோட்டு வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். நாமக்கல் டிரைவருக்கு 50 கிலோமீட்டர் என்பது டீ குடிக்கிற தூரம்!

முதலில் மணலி, மாதவரம் பக்கத்து யார்டு ஒன்றில் காலிப் பெட்டி எடுக்க வேண்டும். அங்கே ஒரு வரிசை. பெட்டியில் ஓட்டை இருக்கிறதா, கதவு சரியாகச் சாத்துகிறதா என்று டிரைவரே பார்த்து எடுக்க வேண்டும். பார்க்காமல் எடுத்தால் பிறகு தகராறு அவர் தலையில் விடியும்.

அடுத்தது தொழிற்சாலை வாசல். சரக்கு தயாராக இருந்தால் யோகம். இல்லாவிட்டால் அங்கேயும் காத்திருப்பு. ஏற்றி முடித்துச் சீல் வைத்தாகிவிட்டது. உடனே கிளம்பலாமா? முடியாது. பகலில் நகருக்குள் பெரிய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு. பைபாஸ் பிடித்து, மாதவரம், மணலி என்று சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கமாக இறங்க வேண்டும்.

கடைசியில் துறைமுக வாசல். காசிமேட்டை ஒட்டிய ‘ஜீரோ கேட்’ என்றால் இந்தியா முழுக்க உள்ள டிரெய்லர் டிரைவர்களுக்குத் தெரியும். அங்கே ‘பாரம் 13’ என்கிற அனுமதிக் காகிதம் வேண்டும். சுங்கத்துறை பார்க்க வேண்டும். சீல் நம்பர் ஒத்துப்போக வேண்டும். மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பாஸ் பார்க்க வேண்டும். இதில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வண்டி ஓரங்கட்டப்படும். தப்பு செய்தது ஏதோ ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டிய குமாஸ்தாவாக இருக்கும். வெயிலில் நிற்பது டிரைவராக இருக்கும்.

உள்ளே போனபின் கிரேனுக்கு ஒரு வரிசை. பெட்டியை இறக்கிவிட்டு, திரும்புகாலுக்கு இறக்குமதிப் பெட்டி கிடைத்தால் அதற்கு ஒரு வரிசை.

ஆக, ஒரு நடையில் ஐந்தாறு வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல்காரர், ஒரு காகிதம், ஒரு காத்திருப்பு. சக்கரம் உருண்ட நேரம் சில மணிதான். மீதி முழுக்க நின்ற நேரம். கூலியோ உருண்டதற்கு மட்டும்!

இரண்டு மூன்று கப்பல்கள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் வாசலில் கூட்டம். கப்பலுக்குச் சரக்கு கொண்டுவரக் கடைசி நேரம் ஒன்று உண்டு. அதைப் பிடிக்க எல்லோரும் ஒரே ராத்திரியில் ஓடி வருவார்கள். கம்ப்யூட்டர் ‘சர்வர்’ படுத்தால் வாசலும் படுத்துவிடும். மழை, புயல் வந்தால் கேட்கவே வேண்டாம்.

“ஏனுங்ணா, முன்னால எத்தன வண்டிங்க?” என்று ஒருவர் கேட்பார். “எண்ணி என்னா பண்ணப் போற தம்பி? கேட்டு தொறந்தா நகரும்” என்று முன்வண்டிக்காரர் சொல்வார். வரிசையில் நாள் முழுக்க இந்தப் பேச்சுத்தான்.

ரோட்டுக்கு ஏன் இந்தக் கதி?

இது துறைமுகம் இருக்கிற இடத்தின் கோளாறு. 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கோட்டைக்கு இடம் வாங்கியபோது துறைமுகம் என்று ஒன்றும் இல்லை. கப்பல் கடலில் நிற்கும். மசூலாப் படகில்தான் சரக்கும் ஆளும் கரைக்கு வர வேண்டும். 1875ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்குள் கோட்டை, ஜார்ஜ் டவுன், ராயபுரம் எல்லாம் வளர்ந்துவிட்டன. ராயபுரம் ரயில் நிலையமே 1856ல் வந்துவிட்டது. ஒரு பக்கம் கடல், மற்ற பக்கம் எல்லாம் ஊர். துறைமுகத்துக்கு மூச்சுவிட இடம் இல்லை.

கடல் செய்த வேலை வேறு. நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகத்துக்குக் கட்டிய கல்சுவர் அதைத் தடுத்துவிட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் அரித்துக்கொண்டே வந்தது. தெருக்கள் போயின. வீடுகள் போயின. பாறாங்கல்லைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் ஒரு நிமிஷம் வடசென்னையை நினைத்துக்கொள்ள வேண்டும்!

அப்படி ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குப்பங்கள் என்று நடுவில் மாட்டிக்கொண்ட ரோட்டில்தான் இத்தனை லாரியும் போக வேண்டியிருக்கிறது.

1983ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2001ல் அது தனியார் கைக்குப் போனது. 2009ல் இரண்டாவது முனையமும் வந்தது. 2011ல் உயர்நீதிமன்றம் தலையிட்டபின் ராயபுரம் மக்களை வாட்டிய நிலக்கரித் தூளும் இரும்புத்தாதுத் தூளும் எண்ணூர்ப் பக்கம் போயின. தூசு போனது, பெட்டிகள் பெருகின. பெட்டி பெருகிய வேகத்தில் ரோடு பெருகவில்லை.

காத்திருந்த டிரைவர் கண்டுபிடித்த பெட்டி!

இந்தப் பெட்டி பிறந்த கதையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் மால்கம் மெக்லீன் என்று ஒருவர். ஒற்றை லாரியில் தொழிலைத் தொடங்கித் தானே ஓட்டியவர். 1937ல் பருத்தி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சி துறைமுகத்துக்குப் போனார். மூட்டையை ஒவ்வொன்றாக இறக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். தன் முறை வரும்வரை நாள் முழுக்க வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். ‘லாரியின் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன?’ என்று அப்போது தோன்றியதாக அவரே பின்னாளில் சொன்னார்.

1956 ஏப்ரல் 26ஆம் தேதி, அவருடைய ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உலக வியாபாரமே அன்றைக்குத் திசை மாறியது.

ஆக, லாரிக்காரர் காத்திருக்கக் கூடாது என்று லாரிக்காரர் ஒருவருக்கு வந்த யோசனைதான் இந்தப் பெட்டி! அதே பெட்டியைச் சுமந்துகொண்டு நம்ம ஊர் டிரைவர் எர்ணாவூரில் காத்துக் கிடக்கிறார்.

எங்கே தவறியது? முன்பெல்லாம் கப்பல் வாரக்கணக்கில் துறைமுகத்துக்குள்ளே நிற்கும். கொக்கி போட்டு மூட்டை மூட்டையாக இறக்குவார்கள். இப்போது கப்பல் வந்த வேகத்தில் கிளம்பிவிடுகிறது. ஏனென்றால் கப்பல் நின்றால் செலவு. பெட்டியும் வேகமாக வெளியே போகிறது. பெட்டி நின்றால் செலவு. யாருடைய காத்திருப்புக்கு விலை இருக்கிறதோ அதை எல்லோரும் சேர்ந்து குறைத்துவிட்டார்கள். விலை இல்லாத காத்திருப்பு ஒன்றே ஒன்று மிச்சம். எல்லாத் தாமதமும் கடைசியில் அங்கே வந்து சேர்ந்துவிட்டது. அதுதான் டிரைவர் தலை!

சட்டம் சொன்ன 15 நிமிஷம்!

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் தெளிவாகவே சொன்னது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. நெடுந்தூர வண்டி என்றால் அனுமதி பெற்று 10 மணி நேரம் வரை. வாரத்துக்கு 54 மணிக்கு மேல் கூடாது. 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேரம் ஓய்வு. ஓய்வையும் சேர்த்து வேலை 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ராத்திரி தங்குகிற இடத்தில் முதலாளி ஓய்வறை தர வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் வேலை நேரத்துக்கு இதையே கை காட்டியது. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் பழைய சட்டம் சேர்க்கப்பட்டது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டை எங்கே?

முதல் ஓட்டை: 1961 சட்டம் ஐந்து பேருக்கு மேல், அல்லது ஐந்து பேரையாவது வைத்து வேலை வாங்கும் நிறுவனங்களுக்குத்தான். நம் நாட்டில் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களிடம் வேலை பார்ப்பவர் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றார். வண்டி வைத்தவரே ஓட்டினால் கேள்விக்கே இடமில்லை.

இரண்டாவது ஓட்டைதான் பெரிய ஓட்டை. ‘வேலை நேரம்’ என்றால் என்ன? தொழிலாளி முதலாளியின் கைவசம் இருக்கிற நேரம் என்று சட்டம் நல்லபடியாகவே ஆரம்பித்தது. வண்டி ஓடும் நேரம் சேரும்; சில்லறை வேலைகளின் நேரம் சேரும். நிலையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம்? அதுவும் சேரும், 15 நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால்!

பஸ் டெப்போவை மனசில் வைத்து எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது. எண்ணூர் ரோட்டில் 15 நிமிஷத்தைக் காத்திருப்பு என்று சொன்னால் டிரைவர்கள் சிரிப்பார்கள். அங்கே 15 நிமிஷம் என்பது என்ஜினை அணைத்து வேர்வை துடைக்கிற நேரம்.

வரிசையில் நிற்பது ஓய்வுதானே, தூங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தூங்க முடியாது. முன்வண்டி பத்தடி நகர்ந்தால் இவரும் நகர வேண்டும். கண் அசந்தால் நடுவில் இன்னொரு வண்டி மூக்கை நுழைத்துவிடும். பின்னால் உள்ளவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். வண்டியை விட்டு இறங்கிப் போகவும் முடியாது. டீசல் போகும், பேட்டரி போகும், தார்ப்பாய் போகும். பெட்டிக்குள் பல லட்ச ரூபாய்ச் சரக்கு. முன்பு உடன் ஒரு கிளீனர் இருப்பார். செலவைக் குறைக்கப் பல வண்டிகளில் கிளீனரையும் நிறுத்திவிட்டார்கள். டிரைவர் ஒற்றை ஆள். அவரே காவல்காரர், அவரே சமையல்காரர், அவரே கிளீனர்.

இப்படிக் கண் விழித்துக் கிடந்தவர்தான் வாசல் திறந்ததும் பெட்டியை இறக்கிவிட்டு, விட்ட நேரத்தைப் பிடிக்க ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டுகிறார். அவருக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போவது நீங்களும் நானும்!

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் 2018ல் ஒரு கணக்கு வெளியிட்டது. சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் லாரி நிற்கும் சராசரி நேரம் 15 நிமிஷம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது என்று அதில் சொன்னார்கள். அங்கே 15 நிமிஷத்துக்கே இந்த அபாயம் என்றால், இங்கே ராத்திரி பூராவும் நிற்பதற்கு என்ன கணக்குப் போடுவது?

உடம்பு தாங்குமா?

உப்புக் காற்று, பெட்ரோலியப் புகை, லாரிப் புழுதி. வெயில் நாளில் கேபின் தகரம் அடுப்பு மாதிரி காயும். டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்தாக வேண்டும். அணைத்தால் மின்விசிறிக்கும் யோசனை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் டிரைவர் கேபினுக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ரோட்டில் ஏற்கெனவே ஓடும் லட்சக்கணக்கான பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது. என்ஜின் ஓடாமல் ஏ.சி. ஓடுமா என்பது அடுத்த கேள்வி!

சிலர் டிரெய்லருக்கு அடியில் சாக்கைத் தூளியாகக் கட்டிப் படுக்கிறார்கள். ஸ்டவ் பற்ற வைத்துச் சோறு பொங்குகிறார்கள். தண்ணீருக்குக் கேன். குளியலுக்குக் கிடைத்த குழாய். கழிப்பிடம்தான் பெரிய கொடுமை. வரிசையில் இருந்து விலக முடியாது; பக்கத்தில் வசதி கிடையாது. அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது சிறுநீரகத்தில் போய் விடியும். முதுகுவலி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் இந்தத் தொழிலின் நிரந்தரச் சொத்து.

இதில் இன்னொரு வேடிக்கை. வரிசை நிற்கிற அதே எண்ணூர்தான் லாரி பிறக்கும் ஊர்! 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி 1955ல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறி, அங்கேதான் லாரி, பஸ்களுக்கான சட்டங்களைச் செய்து ஊர் ஊராக அனுப்பியது. லாரி செய்யும் தொழிலாளிக்கு ஷிப்டு உண்டு, சங்கு உண்டு, கேன்டீன் உண்டு, ஓவர்டைம் உண்டு. அதே லாரியை ஓட்டுகிற தொழிலாளிக்குச் சங்கும் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது.

ஊர்க்காரர் படும் பாடு!

டிரைவர் பாவம் என்று சொல்லிவிட்டு ஊர்க்காரரை மறந்துவிட முடியாது. காசிமேட்டு மீனவர் விடியற்காலை மீனை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு டிரெய்லருக்கு நடுவே புகுந்து ரோட்டைக் கடக்கிறார்கள். பிரசவத்துக்குப் போகும் ஆம்புலன்ஸ் சைரன் அடித்துக்கொண்டே நிற்கிறது. டிரெய்லர் சக்கரத்தில் சிக்கிய உயிர்கள் எத்தனை என்று இந்தப் பகுதி மக்களைக் கேட்டால் கண்ணீரோடு சொல்வார்கள்.

ஒற்றை லாரி முதலாளியும் பெரிய பணக்காரர் இல்லை. பெண்டாட்டி நகையை வைத்து முன்பணம் கட்டியவர்கள் எத்தனையோ பேர். நடை குறைந்தால் தவணை தவறும். தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஆக, டிரைவரும் ஊர்க்காரரும் சின்ன முதலாளியும் ஒரே கயிற்றில் கட்டுண்டவர்கள். ரோட்டில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது மட்டும்தான் மிச்சம்.

பாலமும் ரோடும் போதுமா?

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது பொய். எண்ணூர் விரைவுச் சாலை, மணலி எண்ணெய் ஆலைச் சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி ஆகிய நான்கையும் அகலப்படுத்த ஒரு பெருந்திட்டம் போட்டார்கள். மீனவர் வீடுகளுக்கு மாற்று இடம் தருவதில் இழுத்து, இழுத்து, பல ஆண்டுகள் கழித்தே ரோடு அகலமானது.

மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்குப் பறக்கும் சாலை போட 2009ல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012ல் கூவத்தில் தூண் வைத்ததை ஆட்சேபித்துத் தமிழக அரசு வேலையை நிறுத்தியது. நட்ட தூண்கள் பல ஆண்டு மொட்டையாக நின்றதை நாமெல்லாம் பார்த்தோம். 2022 மே மாதம் பிரதமர் நரேந்திர மோடி சுமார் 21 கிலோமீட்டருக்கு இரண்டு அடுக்குப் பாலமாக மறுபடி அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 5,800 கோடி ரூபாய்க்கு மேல்!

2001ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2014ல் காமராஜர் பெயர் தாங்கியது. பக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. இரண்டு இடத்திலும் கன்டெய்னர் இறங்குகிறது. ஜீரோ கேட்டில் மின்னணு அட்டை, ஸ்கேனர் என்று வசதிகள் வந்தன. இவற்றால் வரிசை குறைந்த காலமும் உண்டு.

எல்லாம் சரி. ஆனால் பாலம் போட்டால் என்ன ஆகும்? லாரி வாசலுக்குச் சீக்கிரம் வந்து சேரும். வாசல் திறக்கிற வேகம் கூடாவிட்டால், ரோட்டில் நின்றவர் பாலத்தின் மேல் நிற்பார். அவ்வளவுதான் வித்தியாசம்! காத்திருப்புக்கு விலை வைக்காதவரை அதைக் குறைக்க யாருக்கும் அவசரம் வராது.

ஆஸ்திரேலியாவில் இதைச் செய்து பார்த்தார்கள். சிட்னியில் போர்ட் பாட்டனி துறைமுகத்திலும் இதே வரிசை, இதே புலம்பல். 2011 முதல் அரசு ஒரு விதி போட்டது. லாரிக்கு நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். லாரி தாமதமாக வந்தால் லாரிக் கம்பெனி அபராதம் கட்ட வேண்டும். வந்த லாரியைக் குறித்த நேரத்துக்குள் ஏற்றி இறக்கி அனுப்பாவிட்டால் முனையக் கம்பெனி லாரிக் கம்பெனிக்கு அபராதம் கட்ட வேண்டும். கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்! தாமதம் யாருடையதோ அவர் சட்டைப் பையிலிருந்து பணம் போகும்.

‘நின்ற நேரம்’ என்று ஒரு கட்டம்!

நம்ம ஊரில் இது முடியாதா? முடியும். லாரி எங்கே நிற்கிறது, எத்தனை மணியாக நிற்கிறது என்பது ஜி.பி.எஸ். பொருத்திய வண்டி முதலாளியின் செல்போனிலேயே தெரிகிறது. வாசலைக் கடந்த நிமிஷம் துறைமுகக் கம்ப்யூட்டரில் பதிகிறது. டோல்கேட்டைத் தாண்டியது பாஸ்டாக் கணக்கில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் காத்திருந்தார் என்று சாட்சி தேட வேண்டியதே இல்லை.

குறைவது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு நடை முடிந்ததும் டிரைவர் முதலாளியிடம் கொடுக்கிற டிரிப் ஷீட்டில் டீசலுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. டோலுக்கு ஒரு கட்டம், பேட்டாவுக்கு ஒரு கட்டம், பஞ்சருக்குக்கூட ஒரு கட்டம் இருக்கிறது. ‘நின்ற நேரம்’ என்று ஒரு கட்டம் மட்டும் இல்லை.

அந்தக் கட்டத்தைப் போடச் சொல்லி அரசு உத்தரவிடட்டும். இத்தனை மணி நேரம் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் டிரைவருக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கட்டும். யாரால் தாமதமோ அவரிடம் வசூலிக்கட்டும். சின்ன முதலாளி தலையில் அதைக் கட்ட வேண்டாம். கப்பல் கம்பெனி டிடென்ஷன் வசூலிக்க வழி கண்டுபிடித்திருக்கிறது என்றால், டிரைவருக்கு வசூலித்துக் கொடுக்கவா வழி இருக்காது?

அதுவரைக்கும், வரிசை நிற்கிற இடங்களில் நடந்து போகிற தூரத்துக்குள் கழிப்பிடமும் குடிநீரும் வையுங்கள். ரோட்டில் நிற்காமல் உள்ளே போய்ப் படுக்க ஒரு யார்டும், வரிசைக்கு டோக்கன் நம்பரும் கொடுங்கள். ரேஷன் கடையிலேயே டோக்கன் கொடுத்துப் பழகிய ஊர் இது. நம்பர் கையில் இருந்தால் மனுஷன் நாலு மணி நேரம் நிம்மதியாகத் தூங்குவார். தூங்கி எழுந்தவர் ஓட்டுகிற லாரி பக்கத்தில் போகிறவருக்கும் நல்லது.

நம் வீட்டு டி.வி.யும், செல்போனும், பிள்ளைகளின் பொம்மையும் இப்படி ஏதோ ஒரு பெட்டியில் வந்தவைதான். அவற்றுக்கெல்லாம் விலை கொடுத்துத்தான் வாங்கினோம். அந்த விலையில் கப்பலுக்குப் போனது, பெட்டிக்குப் போனது, யார்டுக்குப் போனது எல்லாம் சேர்ந்திருக்கிறது. எர்ணாவூர் ரோட்டில் ஒரு டிரைவர் கண் விழித்த ராத்திரிக்கு உரிய காசு மட்டும் அதில் சேரவில்லை.